பாஸ் வீட்டிலேயே எதிரியா? ஆனந்தரங்கப் பிள்ளை சமாளிச்ச கதை!

பாஸ் நல்லவர்தான். ஆனா, அவர் காதுல உங்களைப் பத்தி ஓதிக்கிட்டே இருக்க ஒருத்தர் இருக்காரா? அப்போ 18-ம் நூற்றாண்டுப் புதுச்சேரிக்கு ஒரு நடை போயிட்டு வரலாம், வாங்க.

இன்றைக்குக் காரைக்கால் பட்டினச்சேரி மீனவர்கள் படகு விடும் இதே கடலில்தான் அன்றைக்குப் பிரெஞ்சுக் கம்பெனியின் சரக்குக் கப்பல்கள் ஓடின. 1739-ல் காரைக்காலும் அந்தக் கம்பெனி வசம் வந்தது. தலைமையகம் புதுச்சேரி. அங்கே கவர்னருக்கு மொழிபெயர்ப்பாளர், தரகர், ஆலோசகர் எல்லாமாக இருந்தவர் தலைமை துபாஷி. பெரிய பதவி. அதனால் பொறாமையும் பெரியது!

சின்ன வயசுப் பாடம்

1709-ல் சென்னை பெரம்பூரில் பிறந்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. அவருடைய உறவினர் நைனியப் பிள்ளையும் தலைமை துபாஷிதான். மேலிடத்துப் பகையால் சிறைக்குப் போய், 1717-ல் அங்கேயே இறந்தார். இந்த நாற்காலி எவ்வளவு ஆபத்தானதுன்னு ரங்கப் பிள்ளைக்குச் சின்ன வயசிலேயே தெரியும்.

எதிரே கவர்னர் மனைவி

1746-ல் தலைமை துபாஷி கனகராய முதலியார் இறந்ததும் பதவிக்குப் போட்டி. கிறிஸ்தவர்தான் வரணும்னு பாதிரியார்கள் தரப்பு. கவர்னர் டூப்ளேவின் மனைவி ழானுக்கும் ரங்கப் பிள்ளையைப் பிடிக்காது. ழானுக்குத் தமிழ் தெரியும் என்பதுதான் சிக்கலே. துபாஷி இல்லாமலே ஊர்க்காரர்களோடு பேசி, தனக்கென ஆட்களையும் வைத்துக்கொண்டார். வேலையைச் செய்துகொண்டே காத்திருந்த ரங்கப் பிள்ளைக்கு 1747-ல் பதவி முறைப்படி கிடைத்தது.

அவர் என்ன செய்தார்?

நேருக்கு நேர் மோதலை. யார், எப்போ, என்ன சொன்னாங்கன்னு தேதி போட்டு எழுதினார். 1736-ல் தொடங்கிய டைரி, சாகும்வரை கிட்டத்தட்ட 25 வருஷம் நீண்டது. மனசுல இருந்த கோபமும் புலம்பலும் அதுக்குள்ளேயே போச்சு. இன்னொண்ணு, சம்பளத்தை மட்டும் நம்பலை. சொந்த வியாபாரம், சொந்தக் கப்பல்னு தனிக் கால் ஊன்றியிருந்தார்.

அவர் ஒண்ணும் துறவி இல்லைங்க. கவர்னரைத் தேவைக்கு மேலேயே புகழ்ந்திருக்கார். போட்டியாளர்களை டைரியில் வறுத்தும் எடுத்திருக்கார்.

கடைசியில் ஜெயித்தாரா?

முழுசா இல்லை. 1754-ல் டூப்ளே பிரான்சுக்குத் திருப்பி அழைக்கப்பட்டார். அவருக்குப் பிறகு, 1756-ல் ரங்கப் பிள்ளையின் பதவியும் போனது. 1761 ஜனவரி 12-ல் இறந்தார். நாலே நாளில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. ஒரு பாஸை மட்டும் பிடிச்சுக்கிட்டா, அவர் போகும்போது நம்ம நாற்காலியும் ஆடும்!

1846-ல் அந்த டைரி வெளிச்சத்துக்கு வந்தது. சண்டையின் அவர் பக்கம் இன்றைக்கும் படிக்கக் கிடைக்குது.

அதனால, வாட்ஸ்அப் குரூப்ல கொட்டுறதுக்கு முன்னாடி ஒரு நோட்டை எடுங்க. தேதி, நேரம், நடந்தது. அவ்வளவுதான். வேலையைக் காப்பாத்துமான்னு உறுதி சொல்ல முடியாது. ஆனா, நாளைக்கு யாராவது கதையை மாத்திச் சொன்னா, உங்க கையில எழுத்து இருக்கும்.