அண்ணாமலை முனிவர்

1896ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 29ஆம் நாள். மதுரையில் சிற்றப்பாவின் வீட்டு மாடியில் வேங்கடராமன் என்னும் பதினாறு வயது மாணவர் ஆங்கில இலக்கணப் பாடத்தை ஏட்டில் எழுதிக்கொண்டிருந்தார். பாடத்தைச் சரிவரப் படிக்காததால் அதனை மும்முறை எழுதிவருமாறு ஆசிரியர் பணித்திருந்தார். இருமுறை எழுதி முடித்தவர், ஏட்டை ஒதுக்கிவிட்டுக் கண்மூடி அமர்ந்தார். தமையனார் அதனைக் கண்டு கடிந்துகொண்டார்.

வேங்கடராமன் திருச்சுழியில் 1879 டிசம்பர் 30ஆம் நாள் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் தந்தையை இழந்து மதுரைக்கு வந்தார். விளையாட்டில் இருந்த நாட்டம் படிப்பில் அவருக்கு இல்லை. ஆறு வாரங்களுக்கு முன்னர், நோய் ஏதுமின்றியே திடீரென்று மரண பயம் அவரைப் பற்றிக்கொண்டது. அவர் எவரையும் உதவிக்கு அழைக்கவில்லை. பிணம்போல் நீட்டிப் படுத்து, மூச்சை அடக்கி, உடல் இறந்தால் தாமும் இறந்துவிடுவோமா என்று தமக்குள்ளேயே ஆராய்ந்தார். உடலுக்கு அப்பால் அழியாத ஒன்று தம்முள் விளங்குவதை அன்று உணர்ந்தார். அச்சம் அகன்றது. அதன்பின் அவர் மனம் எப்போதும் உள்நோக்கியே இருந்தது.

தமையனாரின் கல்லூரிக் கட்டணத்துக்கென வைத்திருந்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, எஞ்சிய இரண்டைக் கடிதத்துடன் வைத்துவிட்டு அவர் வீட்டைவிட்டுப் புறப்பட்டார். மொழி பயில்வோர் கூர்ந்து நோக்கத்தக்க கடிதம் அது. தம்மை நான் என்று குறித்துத் தொடங்கியவர், இடையிலேயே இது என்று அஃறிணையாக்கிவிட்டார். முடிவில் கையொப்பமும் இடவில்லை.

பழைய வரைபடத்தைப் பார்த்திருந்தமையால், திருவண்ணாமலைக்குப் புதிதாக இருப்புப்பாதை இட்டிருந்ததை அவர் அறியவில்லை. வழியில் காசு தீர்ந்தது. பல மைல் நடந்தார். காதிலிருந்த கடுக்கனை அடகு வைத்தார். செப்டம்பர் 1ஆம் நாள் அருணாசலேசுவரர் கோயிலை அடைந்தார்.

ஆயிரங்கால் மண்டபத்தில் கண்மூடி அமர்ந்திருந்தவர்மீது சிறுவர்கள் கல்லெறிந்தனர். அவர்களுக்குத் தப்பிப் பாதாள லிங்கக் குகையின் இருளுக்குள் சென்றார். அங்கே பூச்சிகள் கடித்துத் தொடைகளில் புண்கள் உண்டாயின. அன்பர்கள் தூக்கி வெளியே கொணரும்வரை அவர் அதனை உணரவே இல்லை. இத்தகைய கடுந்தவத்தை அவர் பிற்காலத்தில் எவருக்கும் விதிக்கவில்லை என்பதையும் இங்கே குறிப்பிடவேண்டும்.

1898இல் தாயார் அழகம்மாள் மகனைத் தேடிப் பவழக்குன்றுக்கு வந்தார். நாள்தோறும் அழுது மன்றாடினார். மகன் வாய் திறக்கவில்லை. சுற்றியிருந்தவர்கள் மனம் பொறாமல் தாளும் எழுதுகோலும் தந்தபோது, நடக்கவேண்டியதை எவராலும் மாற்ற இயலாது என்னும் கருத்தை மட்டும் எழுதிக்காட்டினார். தாயார் வெறுங்கையுடன் திரும்பினார். அந்த அன்னையின் துயரம் சிறிதன்று.

மௌனமாயிருந்த அவரிடம் அன்பர் ஒருவர் கேட்ட ஐயங்களுக்கு எழுதிக்காட்டிய விடைகளே பின்னர் ‘நான் யார்?’ என்னும் சிறு நூலாயின. எண்ணம் ஒன்று எழும்போது அதன் பின்னே ஓடாமல், அது யாருக்குத் தோன்றியது என்று வினவவேண்டும். எனக்கு எனில், அந்த நான் யார் என்று தேடவேண்டும். இவ்வாறு தேடத் தேட மனம் தன் பிறப்பிடத்தில் ஒடுங்கும் என்பது அவர் காட்டிய வழி. மூச்சைக் கவனித்தலும் மனத்தை அமைதிப்படுத்தும்; ஆயினும் அது துணையே என்றார். 1907இல் காவ்யகண்ட கணபதி முனிவர் இவருக்கு இரமண மகரிஷி என்னும் பெயரைச் சூட்டினார்.

குடும்பத்தைத் துறந்து வர விரும்பியோரை அவர் ஊக்குவிக்கவில்லை. கடமையைச் செய்துகொண்டே தியானம் பழகலாம் என்றார். அவரும் சோம்பியிருந்ததில்லை. விடியுமுன் எழுந்து காய்கறி நறுக்குவார், இலை தைப்பார். தமக்கெனத் தனி உணவு பரிமாறுவதை ஏற்கமாட்டார். 1924இல் திருடர்கள் ஆசிரமத்துக்குள் நுழைந்து அவர் காலில் அடித்தபோதும், திருப்பித் தாக்க எழுந்த அன்பரைத் தடுத்துவிட்டார்.

தாயார் 1916இல் மலைக்கே வந்து மகனுடன் தங்கினார். 1922 மே 19ஆம் நாள் அவர் உயிர் பிரியும்வரை இரமணர் அருகிலேயே அமர்ந்து, ஒரு கையைத் தாயின் மார்பிலும் மறு கையைத் தலையிலும் வைத்திருந்தார். மலையடிவாரத்தில் அந்த அன்னையை அடக்கம் செய்த இடத்திலேயே இன்றைய இரமணாசிரமம் எழுந்தது.

இறுதியில் இடக்கையில் புற்றுநோய்க் கட்டி தோன்றியது. நான்கு முறை அறுவை செய்தும் அது தீரவில்லை. அந்நிலையிலும் தம்மைக் காண வந்தோரைத் தடுக்கலாகாது என்றார். 1950 ஏப்ரல் 14ஆம் நாள் மாலை, அவர் இளமையில் இயற்றிய அருணாசலத் துதியை அன்பர்கள் அறைக்கு வெளியே பாடினர். அவர் கண்களிலிருந்து நீர் வழிந்தது. பாடல் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மூச்சு அடங்கியது.