வீட்டுக்குள் ஒயர் இழுத்த எடிசன்



எடிசன் யார் என்று கேட்டால் ஆறாம் வகுப்புப் பையன்கூட பல்பு கண்டுபிடித்தவர் என்று சொல்லிவிடுவான். நான் பல்பைப் பற்றிக் கொஞ்சமாகத்தான் எழுதப் போகிறேன். அந்தப் பல்பு வரைக்கும் கரண்ட் எப்படி வந்து சேர்ந்தது என்பதுதான் எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோட்டுப் பக்கம் நாங்க புது வீடு கட்டுகிறோம். ஒயரிங் வேலை எங்க சித்தப்பாதான் பார்க்கிறார். பூச்சு வேலைக்கு முன்னாடியே சாக்பீஸால் சுவரெல்லாம் கோடு போட்டு, மிக்ஸி பிளக் எங்கே, ஃபேன் சுவிட்சு எங்கே, மோட்டார் சுவிட்சு எங்கே என்று அம்மாவிடம் கேட்டுக் கேட்டுக் குறித்தார். இதையெல்லாம் முதல் முதலில் உட்கார்ந்து யோசித்தவர் யார் என்று நூலகத்தில் தேடினேன். எடிசனிடம்தான் போய் நின்றேன்.

தாமஸ் ஆல்வா எடிசன் 1847 பிப்ரவரி 11-ஆம் தேதி அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து மிலன் என்ற ஊரில் பிறந்தார். பள்ளிக்கூடம் போனது சில மாதங்கள்தான். அம்மா நான்சிதான் வீட்டில் பாடம் சொல்லிக் கொடுத்தார். பன்னிரண்டு வயதில் ரயிலில் பேப்பரும் மிட்டாயும் விற்றார். காதும் சரியாகக் கேட்காது. 1862-இல் தண்டவாளத்தில் நின்ற ஸ்டேஷன் மாஸ்டரின் குழந்தையைக் காப்பாற்றினார். அந்த நன்றிக்கு ஸ்டேஷன் மாஸ்டர் அவருக்குத் தந்தி அடிக்கக் கற்றுக் கொடுத்தார். கம்பியும் பேட்டரியும் அவருக்குக் கைப்பழக்கம் ஆனது அப்படித்தான். 1876-இல் மென்லோ பார்க்கில் ஆய்வகம் வைத்தார். அடுத்த வருடமே குரலைப் பதிவு செய்யும் ஃபோனோகிராஃப் வந்துவிட்டது.

பல்பை அவருக்கு முன்னாலும் பலர் முயன்றிருக்கிறார்கள். இங்கிலாந்தில் ஜோசப் ஸ்வான் என்பவரும் செய்தார். எடிசனின் கரியாக்கிய நூல் இழை 1879 அக்டோபரில் பதிமூன்று மணி நேரத்துக்கு மேல் எரிந்தது. பிறகு ஜப்பான் மூங்கில் இழை 1200 மணி நேரம் வரை எரிந்தது. அதைவிட நல்ல மூங்கில் கிடைக்குமா என்று 1888-இல் ஜேம்ஸ் ரிக்கால்டன் என்ற பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியரை இலங்கைக்கும் நம் இந்தியாவுக்கும்கூட அனுப்பியிருக்கிறார்! (நம்ம சார்களையும் இப்படி யாராவது அனுப்பினால் நன்றாக இருக்கும்.)

இனிமேல்தான் விஷயமே. அப்போது தெருவில் எரிந்த ஆர்க் விளக்குகள் தொடர் இணைப்பில் இருந்தன. திருவிழாவுக்குக் கட்டுகிற சீரியல் பல்பு மாதிரி, ஒன்று போனால் எல்லாம் போச்சு. வீட்டுக்கு அது ஆகாது. சமையலறை விளக்கை அணைத்தால் திண்ணை விளக்கும் அணைந்தால் யார் வாங்குவார்கள்? அதனால் எடிசன் பக்க இணைப்பை எடுத்துக்கொண்டார். அதில் ஒரு சிக்கல். எல்லா விளக்குக்கும் தனித்தனியாகக் கரண்ட் போக வேண்டும் என்றால் கம்பி தடிமனாக வேண்டும், செம்பு விலை கட்டுபடி ஆகாது. அவர் பல்பின் இழைக்கு மின்தடையைக் கூட்டினார், 110 வோல்ட் கொடுத்தார். கரண்ட் குறைந்தது, மெல்லிசுக் கம்பி போதும் என்றானது. நாம் மார்க்குக்காகப் படிக்கும் ஓம் விதியை வைத்து அவர் செம்புச் செலவை மிச்சம் பிடித்தார்.

கம்பி சூடானால்? ஈயம் மாதிரி சீக்கிரம் உருகும் சின்னக் கம்பியை நடுவில் வைத்தார். 1880-இல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். நாம் ஃபீஸ் போச்சு என்கிறோமே, அதாங்க அது. மீட்டர் இன்னும் வேடிக்கை. ஒரு ஜாடியில் இரண்டு துத்தநாகத் தகடு. மாதா மாதம் ஆள் வந்து தகட்டை எடை போட்டுப் பார்த்து பில் போடுவார்.

ஆனால் முதலில் ஒயரிங் செய்த பணக்கார வீடுகளிலேயே வம்பு வந்தது. நியூயார்க்கில் வாண்டர்பில்ட் என்ற கோடீஸ்வரர் வீட்டில், சுவர்த்தாளில் இருந்த சரிகை இழையில் கரண்ட் பாய்ந்து புகைய ஆரம்பித்துவிட்டது. எடிசன் உடனே எஞ்சினை நிறுத்தச் சொன்னார், நெருப்பு அடங்கியது. ஆனால் நிலவறையில் பாய்லர் இருக்கிறது என்று தெரிந்ததும் அந்த வீட்டம்மா பயந்துபோய், எல்லாவற்றையும் கழற்றச் சொல்லிவிட்டார்.

வங்கி முதலாளி மார்கன் வீட்டில் 1882-இல் விளக்கு போட்டார்கள். எஞ்சின் ஓட்டுகிறவர் இரவு பதினோரு மணிக்கு நிறுத்திவிடுவார். விருந்தாளிகள் நடு இருட்டில் நிற்பார்கள். சத்தம் தாங்காமல் பக்கத்து வீட்டார் சண்டைக்கு வந்தார்கள். ஒருநாள் படிப்பறையில் மேஜை விளக்குக்குப் போன ஒயரில் கோளாறாகி மேஜையும் கம்பளமும் எரிந்தன. மார்கன் விளக்கே வேண்டாம் என்று சொல்லவில்லை, ஒயரிங்கைத் திரும்பச் செய்யச் சொன்னார். எடிசன் கம்பெனிக்குப் பணம் போட்டவரும் அவர்தான்.

இந்தக் கதையை நான் வீட்டில் சாப்பிடும்போது சொன்னேன். அப்பா அப்போது செலவு கூடுதே என்று ஆர்.சி.சி.பி. வேண்டாம், எர்த் குழி பிறகு பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கரண்ட் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே ஆர்.சி.சி.பி. விழுந்துவிடும், ஆள் உயிர் தப்பும், ஆனால் ஃபீஸ் அதைச் செய்யாது என்று சித்தப்பா விளக்கினார். ஃபீஸ் காப்பாற்றுவது ஒயரைத்தான். அப்பா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் எர்த் குழி தோண்டிக் கரியும் உப்பும் போட்டார்கள். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் ஈர மண், எர்த் நன்றாக எடுக்கிறது என்று சித்தப்பாவுக்கு ஒரே சந்தோஷம்.

1882 செப்டம்பர் 4-ஆம் தேதி நியூயார்க் பேர்ல் தெரு மின்நிலையம் ஓட ஆரம்பித்தது. முதலில் சுமார் 400 விளக்குகள். தெருவைத் தோண்டி இரும்புக் குழாய்க்குள் கம்பி புதைத்திருந்தார்கள்.

எடிசன் பிடிவாதக்காரர். அவர் கொடுத்தது நேர் மின்சாரம், ஒரு மைல் தாண்டினால் மங்கிவிடும். டெஸ்லாவும் வெஸ்டிங்ஹவுஸும் மாறுமின்சாரத்தைக் கொண்டு வந்தபோது அது ஆளைக் கொல்லும் என்று பயமுறுத்தினார். 1888-இல் நாய்களுக்கு ஷாக் கொடுத்துக் காட்டத் தன் ஆய்வகத்திலேயே இடம் கொடுத்தார். அது எனக்குப் பிடிக்கவில்லை. ஜெயித்தது மாறுமின்சாரம்தான். டிரான்ஸ்ஃபார்மரால் அதை ஒரு லட்சத்துப் பத்தாயிரம் வோல்ட்டுக்கு ஏற்றி எவ்வளவு தூரமும் அனுப்பலாம், வீட்டுக்கு வரும்போது 230 ஆகக் குறைக்கலாம். மேட்டூரிலிருந்து காவிரியோடு கரண்டும் வர முடிவது அதனால்தான்.

எடிசன் 1931 அக்டோபர் 18-இல் காலமானார். அவர் பெயரில் 1093 அமெரிக்கக் காப்புரிமைகள் இருந்தன. நியூயார்க்கில் நேர் மின்சார விநியோகத்தின் கடைசி இணைப்பை 2007-இல்தான் துண்டித்தார்கள்.

கடைசியாக ஒன்று. நம்ம வீட்டு பல்பில் இரண்டு பின் இருக்குமே, அது இங்கிலாந்து வழக்கம். மரை போட்ட பல்புதான் எடிசனுடையது. அதன் அட்டையில் ஈ27 என்று போட்டிருக்கும். ஈ என்றால் எடிசன், 27 என்பது மில்லிமீட்டரில் விட்டம். கடையில் பார்த்து வாங்குங்கள், மாற்றி வாங்கினால் ஹோல்டரில் நிற்காது.

- பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு