கால்வலியைக் கணக்கிட்டவர்

பணி ஓய்வுக்குப் பின் ஓர் அருங்காட்சியகத்தில் தன்னார்வ வழிகாட்டியாகச் சேர்ந்தேன். பயிற்சி இரண்டு நாள். ஆண்டுகளும் அரச மரபுகளும் நிரம்பிய குறிப்பேடு ஒன்றைத் தந்தார்கள். முதல் ஞாயிறன்று அதை அப்படியே ஒப்பித்தேன். மூன்றாம் கூடத்தை அடைந்தபோது என்னுடன் எஞ்சியவர்கள் இருவர். கல்லூரியில் வருகைப் பதிவேடு என்னைக் காத்து வந்திருக்கிறது என்பது அன்றுதான் புரிந்தது.

அதன் பிறகே பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மனைத் தேடிப் படித்தேன். 1852-இல் பிறந்த இந்த அமெரிக்கர், தத்துவ அறிஞர் சார்லஸ் பியர்ஸிடம் தர்க்கவியல் பயின்றவர். சூனி பழங்குடியினரின் பாடல்களை ஆராய்ந்தவர். 1893-இல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் சேர்ந்து, 1925 வரை அங்கேயே பணியாற்றினார். அதன் செயலராக நெடுங்காலம் விளங்கினார்.

கூடங்களில் பார்வையாளருடன் நின்று கலைப்பொருள்களைப் பற்றிப் பேசுவோருக்கு, கற்பித்தல் என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து 'டோசென்ட்' என்ற பெயரை 1907 வாக்கில் அங்கு நிலைநிறுத்தியவர் அவரே. இன்று அந்நாட்டில் அப்பெயர் தாங்குவோருள் மிகப் பலர் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள். ஆனால், கலை அருங்காட்சியகம் பள்ளிக்கூடமன்று என்பதே கில்மனின் உறுதியான கொள்கை. பொருளைக் காணச் செய்வதே வழிகாட்டியின் வேலை. தகவல் அதற்குத் துணை மட்டுமே. நான் இதைத் தலைகீழாகச் செய்திருந்தேன்.

என்னை மிகவும் ஈர்த்தது 1916-இல் அவர் வெளியிட்ட ஆய்வு. காட்சிப் பேழைகளில் உள்ளவற்றைப் பார்த்துச் சில கேள்விகளுக்கு விடை காணுமாறு ஒருவரிடம் கூறி, அவர் எவ்வாறு குனிகிறார், முழங்காலை மடக்குகிறார், கழுத்தை வளைக்கிறார் என்பதைப் புகைப்படங்களாகப் பதிவு செய்தார். பேழை அமைப்பும் விளக்கச் சீட்டு வைக்கும் இடமுமே பார்வையாளரைக் களைப்படையச் செய்கின்றன என்று காட்டினார். பொருளியல் படித்தவன் என்பதால் எனக்கு இது ஒரு விலைக்கணக்காகவே தோன்றியது. நுழைவு இலவசமானாலும் கால்களும் கழுத்தும் கட்டணம் செலுத்திக்கொண்டேதான் இருக்கின்றன. கில்மன் பேழைகளைக் குறை கூறினார். வழிகாட்டியின் நாவையும் அப்பட்டியலில் சேர்ப்பேன் நான்.

1918-இல் தம் கருத்துகளை நூலாக்கிய அவர் 1933-இல் மறைந்தார்.

இப்போது ஒரு சுற்றில் ஐந்து பொருள்களுக்கு மேல் காட்டுவதில்லை. ஒரு செப்புத்திருமேனியின் முன் எல்லோரையும் அமரச் செய்து, முதல் இரண்டு நிமிடம் வாய் திறவாதிருக்கிறேன். சென்ற ஞாயிறன்று அந்த மௌனத்தைக் கலைத்தவள் ஒரு சிறுமி. சிலையின் இடக்காலில் மட்டும் விரல் தேய்ந்திருப்பது ஏன் என்று கேட்டாள். குறிப்பேட்டில் அதற்கு விடை இல்லை.