உள்ளூரில் ஊன்றிய உலகச் சட்டம்

பிள்ளையார்பாளையத்துத் தறிகளுக்கும் பன்னாட்டுச் சட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். காஞ்சிப் பட்டுக்குக் கிடைத்த புவிசார் குறியீடு, உலக வர்த்தக அமைப்பின் உடன்படிக்கையையொட்டி நம் நாட்டில் இயற்றப்பட்ட சட்டத்தின் பயனாகும். அத்தகைய உடன்படிக்கைகளை எழுதும் இடத்தில் எளியவர்களின் பிள்ளைகளும் அமர வேண்டுமானால், அதற்கான கல்வி எங்கே கிடைக்க வேண்டும்? இக்கேள்விக்கு விடையாக வாழ்ந்தவர் நைஜீரியாவின் தஸ்லிம் ஓலாவாலே எலியாஸ்.

1914-இல் லாகோஸில் பிறந்த அவர், ரயில்வே கணக்கு அலுவலகத்தில் பணியாற்றிக்கொண்டே லண்டன் பல்கலைக்கழகத் தேர்வுகளை வெளிமாணவராக எழுதினார். பின்னர் லண்டன் சென்று, 1949-இல் சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1956-இல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் வருகைதரு பேராசிரியராகவும் இருந்தார்.

அன்று நைஜீரியர் ஒருவர் வழக்குரைஞராக வேண்டுமானால் கப்பலேறி இங்கிலாந்து செல்ல வேண்டும். வசதி படைத்தவர்களுக்கே அது எளிது. அங்கே கற்றதோ ஆங்கிலேயச் சட்டம். சொந்த ஊரின் நில மரபு அதில் இல்லை. அந்த மரபை ஆராய்ந்து 1951-இல் நூலாக்கியவர் எலியாஸ். 1960-இல் நாடு விடுதலை பெற்றதும் அவர் சட்ட அமைச்சரானார். 1962-இல் சட்டக் கல்விக்கெனத் தனிச் சட்டம் வந்தது. லாகோஸில் சட்டப் பள்ளி உருவானது. 1966-இல் லாகோஸ் பல்கலைக்கழகச் சட்டப்புலத்தின் தலைமையையும் அவர் ஏற்றார்.

அதே ஆண்டில், தென்மேற்கு ஆப்பிரிக்கா தொடர்பாகத் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக எத்தியோப்பியாவும் லைபீரியாவும் தொடுத்த வழக்கைப் பன்னாட்டு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நீதிபதிகள் சரிபாதியாகப் பிரிந்து நிற்க, தலைவரின் கூடுதல் வாக்கே முடிவைத் தீர்மானித்தது. நீதிபதி இருக்கையில் யார் அமர்கிறார்கள் என்பதன் முக்கியத்துவத்தை ஆப்பிரிக்கா அன்று உணர்ந்தது.

உடன்படிக்கைகளுக்கான சட்டத்தை வகுத்த வியன்னா மாநாட்டில் முழுமைக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் எலியாஸ். 1976-இல் அதே பன்னாட்டு நீதிமன்றத்தின் நீதிபதியானார். 1982-இல் அதன் தலைவரான முதல் ஆப்பிரிக்கர் என்ற பெருமையைப் பெற்றார். 1985-இல் அவரையடுத்துத் தலைமையேற்றவர் நம் நாட்டின் நாகேந்திர சிங். எலியாஸ் 1991-இல் மறைந்தார்.

பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் நான் காண்பது இதுதான்: உதவித்தொகை ஒரு மாணவரைக் கரையேற்றும், கல்வி நிறுவனமோ தலைமுறைகளைக் கரையேற்றும். எங்களுக்கு அருகே செங்கல்பட்டில் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. அங்கு பயிலும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு உடன்படிக்கை வரைவிலும் மாதிரி நீதிமன்ற வாதத்திலும் முறையான பயிற்சி அளிக்க அரசு முன்வர வேண்டும். அதற்காகும் செலவு, நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் உலக அரங்கின் கதவைத் திறக்கும் முதலீடு.