பகுத்தறிவும் இறைநம்பிக்கையும்: சுவார்ட்ஸ் ஐயர் காட்டிய வழி



கைலாசபுரம் பெல் நகரியத்துக் குடும்பங்களில் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. அறிவியல் இவ்வளவு வளர்ந்த பிறகும் விவிலியத்தை நம்பத்தான் வேண்டுமா என்பதே அது. இந்தக் கேள்வி ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஐரோப்பாவை உலுக்கியது. அந்தக் காலத்தில் வளர்ந்து, நம் திருச்சியில் வந்து உழைத்தவர் கிறிஸ்தியான் ஃபிரெடரிக் சுவார்ட்ஸ். அவர் லூத்தரன் சபையைச் சார்ந்தவர். பிரிந்த சகோதரர்களிடம் காணப்படும் நன்மைகளை மகிழ்வோடு ஏற்க இரண்டாம் வத்திக்கான் சங்கம் நம்மை அழைக்கிறது. அந்த மனநிலையோடு அவருடைய வாழ்வைச் சிந்திப்போம்.

பிரஷ்ய நாட்டில் 1726-ல் பிறந்த சுவார்ட்ஸ், 1746-ல் ஹாலே நகரில் படிக்கச் சென்றார். நற்செய்தியை மனமாற்றத்தோடும் பிறரன்புப் பணியோடும் வாழ வேண்டும் என்று வலியுறுத்திய பக்தி இயக்கத்தின் தலைமையிடம் அது. பகுத்தறிவு மெய்யியலைக் கற்பித்த கிறிஸ்தியான் வோல்ஃபும் அங்கேதான் பேராசிரியர். திருவெளிப்பாட்டை அறியாத சீன மக்களும் நல்லொழுக்கத்தில் சிறக்க முடியும் என்று 1721-ல் அவர் உரையாற்றினார். பக்தி இயக்கத்தார் கொதித்தெழுந்தனர். 1723-ல் அரசர் அவரை நாடு கடத்தினார். 1740-ல் புதிய அரசர் அவரை மரியாதையோடு திரும்ப அழைத்தார். இவ்வாறு இரு தரப்பும் அருகருகே வாழ்ந்த ஊரில்தான் சுவார்ட்ஸ் இறையியலும் தமிழும் கற்றார்.

1750-ல் தரங்கம்பாடி வந்த அவர், 1762-ல் திருச்சிக்கு வந்தார். மறு ஆண்டு இங்கே வெடிமருந்துக் கிடங்கு வெடித்து, படைவீரர் பலர் இறந்தனர். அநாதைகளான பிள்ளைகளுக்கு அவர் பள்ளி தொடங்கினார். 1766-ல் கோட்டைப் பகுதியில் கிறிஸ்து ஆலயம் எழுந்தது. திருமணம் செய்யாமல் எளிமையாக வாழ்ந்து, தமிழோடு மராத்தியும் பாரசீகமும் கற்றார். 1778-ல் தஞ்சைக்குக் குடிபெயர்ந்தார்.

1779-ல் கம்பெனியார் ஹைதர் அலியிடம் தூது அனுப்பியது இவரைத்தான். அடுத்து மூண்ட போரில் தஞ்சைக் கோட்டைக்குள் மக்கள் பட்டினி கிடந்தனர். முன்பு ஏமாற்றப்பட்டிருந்த கிராமத்தார், தானியம் கொண்டுவர மாடுகளைத் தர மறுத்தனர். மன்னரின் வாக்கும் கம்பெனியின் வாக்கும் அவர்களிடம் எடுபடவில்லை. பணத்துக்கு நானே பொறுப்பு என்று ஐயர் சொன்னதும் மாடுகள் வந்தன. தானியமும் வந்து சேர்ந்தது.

துளஜா மன்னர் 1787-ல் இறக்கும் தறுவாயில் தம் வளர்ப்பு மகன் சரபோஜியை இவரிடமே ஒப்படைத்தார். இளவரசருக்குப் புதிய கல்வி கிடைக்கச் செய்து, அவரது அரசுரிமைக்காகவும் ஐயர் போராடினார். 1798 பிப்ரவரி 13 அன்று அவர் இறந்தார். அதே ஆண்டில் அரியணை ஏறிய சரபோஜி, சரசுவதி மகால் நூலகத்தைப் பெருக்கினார், அச்சகம் அமைத்தார், கண் மருத்துவத்தை வளர்த்தார். அவர் கடைசிவரை இந்துவாகவே இருந்தார். ஆனால் தம் ஆசானுக்குத் தஞ்சை ஆலயத்தில் பளிங்கு நினைவுச் சின்னம் வைத்தார். ஐயரின் மரணப் படுக்கையருகே மன்னர் நிற்பதை இன்றும் அதில் காணலாம்.

அன்புக்குரியவர்களே, நற்செய்தியை அறிவிக்க வந்தவர், தம் மாணவர் கிறிஸ்தவராகவில்லை என்பதற்காகக் கல்வியையோ அன்பையோ குறைக்கவில்லை. அறிவு வளர்ந்தால் நம்பிக்கை போய்விடும் என்றும் அவர் அஞ்சவில்லை. நம் பிள்ளைகளின் கேள்விகளைக் கண்டு நாம் ஏன் அஞ்ச வேண்டும்? கேள்வி கேட்கும் பிள்ளையை அதட்டி அடக்கினால், அவன் கோவிலை விட்டு மெல்ல விலகிப் போவான். அவனோடு உட்கார்ந்து பேசுவோம். தெரியாததைச் சேர்ந்து படிப்போம். அதைவிட மேலாக, நம் வாக்கை நம்பிக் கிராமத்து மனிதர் தம் மாட்டை அவிழ்த்துத் தரும் அளவுக்கு உண்மையாய் வாழ்வோம். நம் நம்பிக்கைக்கு அதைவிடப் பெரிய சான்று நம் பிள்ளைகளுக்குத் தேவையில்லை.