கோடுகளால் சிந்தித்த பாரடே

தெற்கு நோக்கி வரும் காவிரி கிழக்கே திரும்பும் இடம் கொடுமுடி. அங்கே ஓடும் நீரில் மூடியிட்ட மூங்கில் கூடை ஒன்றை அமிழ்த்திப் பிடித்தால், ஒரு பக்கத்துக் கண்கள் வழியே எவ்வளவு நீர் புகுகிறதோ அவ்வளவு நீர் மறுபக்கம் வெளியேறும். கூடைக்குள்ளேயே ஓர் ஊற்று இருந்தால் மட்டுமே வரவைக் காட்டிலும் செலவு மிகும். அம்மிகுதியைக் கொண்டு, கூடையைத் திறந்து பாராமலே ஊற்றின் அளவைக் கணித்துவிடலாம். மின்னூட்டம் ஒன்றைச் சூழ்ந்த மூடிய பரப்பின் வழியே வெளிப்படும் மின்பாயத்திற்கும் இதுவே விதி. ஜெர்மானியக் கணித மேதை காஸின் பெயரால் அது வழங்குகிறது. ஆனால், உயர்கணிதம் பயிலாத ஒருவர் அதன் உட்பொருளை மனக்கண்ணால் கண்டு, ஒரு வாளியைக் கொண்டு மெய்ப்பித்தும் காட்டினார். அவர்தாம் மைக்கேல் பாரடே.

1791 செப்டம்பர் 22 அன்று, இலண்டனை அடுத்த நியூவிங்டன் பட்ஸில், நோயாளியான ஒரு கொல்லரின் மகனாகப் பாரடே பிறந்தார். எழுத்தும் எண்ணும் சிறிதளவு கற்றதோடு பள்ளிப்படிப்பு முடிந்தது. பதினான்காம் வயதில் ரீபோ என்பாரின் புத்தகக் கடையில் நூல் கட்டும் தொழில் பழகச் சேர்ந்தார். ஏழாண்டுக் காலம் தம் கையால் கட்டிய நூல்களையே பாடநூல்களாகக் கொண்டு பயின்றார். அங்குக் கட்டுவதற்கு வந்த கலைக்களஞ்சியத் தொகுதி ஒன்றில் படித்த மின்சாரக் கட்டுரை அவர் மனத்தைப் பற்றிக்கொண்டது.

1812ஆம் ஆண்டு, கடைக்கு வரும் ஒருவர் கொடுத்த சீட்டால், ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்பிரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்கும் வாய்ப்பு வந்தது. கேட்டவற்றைக் குறிப்பெடுத்து, விரித்தெழுதி, படங்கள் வரைந்து, தாமே நூலாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். 1813 மார்ச்சில் அங்கே உதவியாளர் ஆனார். அதே ஆண்டு டேவி தம்பதியருடன் ஐரோப்பியப் பயணம் வாய்த்தது. அப்பயணத்தில் பணியாளின் வேலைகளும் அவர்மேல் விழுந்தன. டேவியின் மனைவி அவரைச் சமமாக நடத்தவில்லை. அந்த அவமதிப்பைப் பொறுத்துக்கொண்டு அறிவியலை மட்டும் பற்றிக்கொண்டார்.

1831இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்து உலகப் புகழ் எய்தினார். ஆயினும் அவரது உண்மையான போராட்டம் வேறிடத்தில் இருந்தது. இரு மின்னூட்டங்கள் இடைவெளியைத் தாண்டி ஒன்றையொன்று நேரே ஈர்க்கின்றன என்பதே அக்காலக் கணித வல்லுநரின் கொள்கை. இடையில் இருப்பது அவர்களுக்கு வெறும் வெளி. பாரடேயோ அவ்வெளியெங்கும் வளைந்தும் நெருங்கியும் விலகியும் செல்லும் விசைக்கோடுகளைக் கண்டார். சமன்பாடு ஒன்றும் இன்றிப் படத்தால் மட்டும் பேசிய அவரை, சோதனையில் வல்லவர் எனப் போற்றியவர்களே கோட்பாட்டில் ஏற்கத் தயங்கினர்.

அவர் சோதனைகளையே சான்றாக நிறுத்தினார். 1836இல் பக்கத்திற்குப் பன்னிரண்டு அடி கொண்ட கூண்டு ஒன்றை அமைத்து, அதன் புறத்தே வன்மையான மின்னூட்டம் ஏற்றச் செய்து, தாம் உள்ளே புகுந்தார். வெளியே பொறி பறந்தது. உள்ளே இருந்த நுண்கருவிகளில் சலனம் இல்லை.

1843இல் பனிக்கட்டி வைக்கும் உலோக வாளி ஒன்றை எடுத்துக்கொண்டார். உயரம் பத்தரை அங்குலம், விட்டம் ஏழு அங்குலம். அதன் புறப்பரப்பைத் தங்க இலை மின்காட்டியுடன் இணைத்தார். மின்னூட்டிய பித்தளைக் குண்டைப் பட்டு நூலில் கட்டி உள்ளே இறக்கினார். இலைகள் விரிந்தன. நன்கு உள்ளிறங்கியபின் குண்டை எப்புறம் நகர்த்தினும் விரிவு மாறவில்லை. வாளியின் அடியைத் தொடச் செய்தபோதும் மாறவில்லை. வெளியே எடுத்த குண்டில் மின்னூட்டம் எஞ்சவில்லை. உள்ளிருப்பது எவ்வளவோ, புறத்தே தோன்றுவதும் அவ்வளவே. உள்ளே அது நிற்கும் இடம் ஒரு பொருட்டன்று. வாளியின் வாய் திறந்திருந்தபோதும், ஆழத்தில் தொங்கிய குண்டின் கோடுகள் ஏறக்குறைய அனைத்தும் உட்சுவரிலேயே முடிந்தமையால் இது கைகூடிற்று.

இச்சோதனையைச் செய்த நாளில் அவர் முழு நலத்தோடு இல்லை. 1839ஆம் ஆண்டு முதற்கொண்டே தலைச்சுற்றலும் நினைவுத் தளர்ச்சியும் அவரை வருத்தின. தாம் செய்த ஆய்வே தமக்கு மறந்துபோகும் நிலையில், எண்ணிட்டு எழுதிவந்த நாட்குறிப்பே அவருக்குத் துணையாயிற்று. அதன் பத்திகள் 16,000க்கும் மேற்பட்டன.

1856ஆம் ஆண்டளவில், இருபத்துநான்கு வயது இளைஞர் மாக்சுவெல், விசைக்கோடுகளை நீரோட்டமாக உருவகித்துக் கணித மொழியில் எழுதினார். அக்கட்டுரையைப் பெற்ற பாரடே முதலில் அஞ்சினார். பிறகு தம் எண்ணம் அக்கணிதத்தைத் தாங்கி நிற்பது கண்டு வியந்தார். கணித வல்லுநர் தம் முடிவுகளை எளிய மொழியிலும் முழுமையாகவும் தெளிவாகவும் சொல்லலாகாதா எனப் பின்னொரு மடலில் மாக்சுவெலைக் கேட்டார். சொல்லைத் தொழிலாகக் கொண்டோரும் எண்ணிப் பார்க்கத்தக்க கேள்வி அது.

வீரப்பட்டத்தையும் ராயல் கழகத்தின் தலைமைப் பதவியையும் மறுத்து, 1867 ஆகஸ்டு 25 அன்று அவர் மறைந்தார். 1835இல் காஸ் எழுதி வைத்த விதி, அவர் காலமான பின் அச்சேறியதும் அதே 1867ஆம் ஆண்டில்தான். விதிக்குக் காஸின் பெயர் நிலைத்தது. கோடுகள் பாரடேயுடையவையாக நின்றன.

1934இல் நிறைவுற்ற மேட்டூர் அணையில் பின்னர் அமைந்த நீர்மின் நிலையம், பாரடே கண்ட தூண்டல் நெறியால் இயங்குவது. அங்கே பொறிகளைச் சுழற்றி வரும் நீர்தான் பவானியையும் ஈரோட்டையும் கடந்து, கொடுமுடியில் கிழக்கே திரும்புகிறது.