வேலை இழந்தவர் கொண்டுவந்த சட்டம்: டி.பி. இலங்கரத்ன

தோப்பூரிலும் மூதூரிலும் பல வருடங்களாக நாட்சம்பளத்துக்கே உழைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒருவர் டி.பி. இலங்கரத்ன.

1913இல் கண்டி மாவட்டத்தின் ஹத்தரலியத்தவில் பிறந்த இவர், அரசாங்க எழுதுவினைஞராக இருந்து அவர்களது சங்கத்தின் தலைவரானார். அரச ஊழியரின் தொழிற்சங்க உரிமைக்காக 1947இல் நடந்த வேலைநிறுத்தத்தில் முன்னின்றார். அப்போது கந்தசாமி என்ற எழுதுவினைஞர் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். இலங்கரத்ன வேலையை இழந்தார்.

அதன்பின் அரசியலில் இறங்கிய அவர், 1956இல் பண்டாரநாயக்கவின் அமைச்சரவையில் தொழில் அமைச்சரானார். அவரது காலத்தில்தான் 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் வந்தது. ஓய்வூதியம் இல்லாத தனியார் துறை ஊழியருக்கு முதுமையில் கைகொடுப்பது இதுதான். சிறுவர்களின் நட்பைச் சொல்லும் 'அம்ப யஹலுவோ' நாவலை எழுதியவரும் இவரே. 1992இல் காலமானார்.

இச்சட்டம் நிரந்தர ஊழியருக்கு மட்டும் உரியதல்ல. தற்காலிக, அமைய ஊழியருக்கும் நாட்சம்பளக்காரருக்கும் உரியது. இன்று ஊழியர் 8 வீதமும் தொழில்தருநர் 12 வீதமும் செலுத்த வேண்டும். ஆனால் நாட்கூலிக்கு இதெல்லாம் இல்லை என்று முதலாளி சொன்னால் நம்மவர்கள் நம்பிவிடுகிறார்கள்.

உங்கள் அங்கத்துவ இலக்கத்தைக் கேளுங்கள். மறுத்தால் தொழில் அலுவலகத்தில் முறையிடுங்கள். ஒரே வேலைக்கு ஒரே சம்பளமும் நீண்டகால அமைய ஊழியருக்கு நிரந்தர நியமனமும் இன்னும் நாம் போராடிப் பெற வேண்டியவை. கையில் உள்ள உரிமையையாவது முதலில் கேட்டுப் பெறுவோம்.